மூலையில் மாட்டிய ஹீட்டர்

மார்கழி, வியாழன்

குளிரில் மீன்கள் சோர்ந்துவிட்டன என்று, சூடு போதுமானதும் தானே அணைகிற ஹீட்டராகத் தேடி என் கணவர் தஞ்சாவூரில் வாங்கிவந்தார். தொட்டியின் மூலையில் மாட்டினார். எல்லா மீனும் அந்த மூலையிலேயே முண்டியடித்தன.

வாய்க்கால் கடைசியில் இருக்கும் எங்கள் வயலுக்குத் தண்ணீர் விடும் தகராறில் எங்கள்மேல் கேஸ் போட்ட அவருடைய அண்ணன் பக்கத்து வீடு. அதிலிருந்து பேச்சில்லை. ஜன்னல் வழியே பார்த்தவர், பொறுக்க முடியாமல் உள்ளே வந்துவிட்டார்.

"ஃபில்டர் தண்ணி விழுற இடத்துல வைடா. அப்பதான் சூடு கடைசிவரைக்கும் பாயும்."

"கடைமடைக்கும் பாயணும்னு இப்பதான் தெரியுதாண்ணே?"

சண்டை வரும் என்று பயந்தேன். அண்ணன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹீட்டரைத் தானே மாற்றி மாட்டினார். கொஞ்ச நேரத்தில் மீன்கள் பரவி நீந்தின.

கிளம்பும்போது, "திங்கக்கிழமை கோர்ட்டுக்கு உன் ஸ்கூட்டர்லயே வந்துடுறேன்" என்றார். இவரும் தலையாட்டிவிட்டார்.

அப்படியென்றால் பஸ்ஸில் போகப்போவது நான்தான்.