பன்னிரண்டு ஸ்லைடுகள்

ஜூன் 3
காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. சேலையூரிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே. லேபில் ஏ.சி. மறுபடி அவுட்.

பன்னிரண்டு சுண்டெலி, பன்னிரண்டு ஸ்லைடு. ஆறு தினமும் சக்கரத்தில் ஓடியவை, ஆறு சும்மா கிடந்தவை. வளர்ந்த மூளையில் புதிதாய்ப் பிறந்து, ஓரத்திலிருந்து உள்ளே நகர்ந்து வந்த நியூரான்கள் மைக்ராஸ்கோப்பில் பச்சையாய் ஒளிரும். அவற்றை நான் எண்ண வேண்டும். ஓடிய எலிகளுக்கு அதிகம் இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. எது ஓடிய எலியின் மூளை என்று எனக்குத் தெரியக் கூடாது. அதனால் நம்பர் ஒட்டுவதும் லிஸ்டை வைத்திருப்பதும் டெக்னீஷியன் ஸ்டெல்லா அக்கா.

பிஎச்.டி.யில் மூன்று வருடமாய் ஒரு ரிசல்ட்டும் இல்லை. கூடச் சேர்ந்தவர்கள் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டாயிற்று. அக்கா சாப்பிடப் போனபோது டிராயரைத் திறந்து லிஸ்டைப் பார்த்தேன். ஓடியவை 2, 3, 7, 8, 11, 12. மனப்பாடம். எழுதும்போதே காது சுடுகிறது.

ஜூன் 12
புழுக்கம். வாங்க: அம்மாவுக்கு பி.பி. மாத்திரை, குடை, சவர பிளேடு.

மங்கலான செல் என்றால் ஓடிய எலிக்குக் கணக்கில் சேர்க்கிறேன். மற்றதற்கு விட்டுவிடுகிறேன். பொய்யில்லை, சந்தேகம்தானே என்று எனக்கு நானே சமாதானம். கண் சிவந்திருக்கிறது, கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்றார் அக்கா. முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜூன் 24
லிஸ்டைப் பிரித்தோம். தலைகீழ். சும்மா கிடந்த எலிகளுக்குத்தான் புது நியூரான் அதிகமாம். என் கைடு மேடத்துக்கு ஏக சந்தோஷம். யாரும் சொல்லாத ரிசல்ட், உடனே எழுதலாம் என்றார். நான் மனப்பாடம் செய்த ஆறு நம்பரும் லிஸ்டில் ஓடாதவை பக்கம்.

அக்கா தனியாகக் கண்ணாடிக் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நம்பர் எப்படி மாறியது என்று நானே கேட்டேன்.

“லிஸ்ட்டு மடிப்பு மாறி இருந்துச்சி தம்பி. அன்னிக்கு சாயந்திரமே லேபிள மாத்தி ஒட்டி, லிஸ்ட்டயும் புதுசா எழுதிட்டேன்.”

அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

ஜூன் 25
மேடம் கட்டுரைக்குத் தலைப்பு யோசிக்கிறார். வேண்டுமென்றே ஒரு பஸ்ஸை விட்டேன். அடுத்ததையும். மதியம் போய்ச் சொல்லிவிட்டேன், லிஸ்டைப் பார்த்துவிட்டுத்தான் எண்ணினேன் என்று. மேடம் அக்காவைக் கூப்பிட்டு, உங்களுக்கு இது தெரியுமா என்றார்.

“தெரியும் மேடம். தம்பியே வந்து சொல்லுவாருன்னு இருந்தேன்.”

மூன்று வாரம் காத்திருந்திருக்கிறார்.

இனி நம்பரை மாற்றி ஒட்டி லிஸ்டை வைத்திருப்பது மேடம்; நாளை முதல் எண்ணப்போவது அக்கா. டிராயர் பக்கம் நான் போகக் கூடாது.