ஹேவோன் அம்மாவின் இடம்

ஏப்ரல் 5. ஏழாம் நீர்.

கடல் மிக அதிகமாகப் பின்வாங்கும் நாள். காலை ஒன்பதுக்கு ஒலிபெருக்கி கூப்பிட்டது. அம்மாவின் பூப்போட்ட துணித்தொப்பியைப் போட்டு, கண் மட்டும் தெரிய முகத்தை மூடி, அவளுடைய ஸ்பாஞ்ச் இருக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டு டிராக்டரில் ஏறினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுத் தோக்கூன் அம்மா நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காரு, ஹேவோன் அம்மா."

ஹேவோன் நான்தான். இங்கே பெண்களைப் பிள்ளையின் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

கடல் விலகிய சேற்றில் ஒரு பழைய மரமுளை நிற்கிறது. அதற்கு இடப்புறம் மூன்றாவதாக இருப்பது அம்மாவின் இடம். நான்கு மணி நேரம் மட்டி கிண்டினேன். எழுந்தபோது முதுகு என்னுடையதாக இல்லை.

ஏப்ரல் 12. செத்த நீர்.

கடல் அசையாத நாள், யாரும் இறங்குவதில்லை. எனக்காகவே ஒருமுறை எழுதி வைக்கிறேன்.

ஊர் மீனவர் சங்க விதிப்படி மட்டி எடுக்கும் உரிமை பேர் பதிந்தவருக்கு மட்டும். அவர் ஒரு வருஷம் முழுக்கச் சேற்றில் இறங்காவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். பிள்ளை பேருக்கு மாற்றலாம், ஆனால் பிள்ளை இரண்டு வருஷம் ஊரில் குடியிருந்திருக்க வேண்டும். அம்மா டிசம்பரில் விழுந்தாள், வலப்பக்கம் ஓய்ந்துவிட்டது. நான் ஜனவரியில் சியோலிலிருந்து வந்தேன். ஆக, இன்னும் இருபத்தொரு மாதம் அம்மாவின் கால்கள் நடந்துகொண்டிருக்க வேண்டும். யாருடைய கால்களாக இருந்தாலும் சரி.

மே 19. ஏழாம் நீர்.

சியோல் பதிப்பகத்தில் நான் பிழை திருத்திய நாவல்களில் மீனவப் பெண்கள் அடிக்கடி தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இங்கே ஒருத்தியும் தலை தூக்குவதில்லை. அவர்களுக்கு முன்னால் இருப்பது ஒரு முழம் சேறு.

இன்று சங்கத் தலைவர் ப்யோ வருகைப் பலகையோடு வந்தார். என் பின்னால் வெகுநேரம் நின்றார். நான் குனிந்தபடியே கிண்டினேன்.

"ஹேவோன் அம்மாவுக்கு இந்த வருஷம் இடுப்பு நல்லா வளையுதே" என்றார்.

"வேற எங்க பாக்கணும்னு தெரியாதா தலைவரே? உங்க பொண்டாட்டிகிட்ட சொல்லட்டுமா?" என்றாள் தோக்கூன் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான். பலகையில் எழுதினாரா? பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஜூலை 2.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைவரை தானே நடந்தாள்.

ஆகஸ்ட் 15.

கிண்டினால் பாதி வாய் பிளந்த ஓடுகள். வெயிலில் சேறு கஞ்சிபோலச் சுடுகிறது. உள்ளேயே வெந்து செத்துப்போகின்றன. "சாவுற மட்டிக்கு இத்தனை விதி" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அம்மாவிடம் தெளிவாக மிஞ்சிய பேச்சு ஒன்றுதான். காலையில் கண் விழித்ததும், "எத்தனாம் நீர்?" பெரிய நீர் என்றால் படுக்கையில் இருப்புக்கொள்ளாமல் புரள்கிறாள். ஒருமுறை உருண்டே விழுந்தாள். இனிமேல் பொய் சொல்லிவிடலாமா?

செப்டம்பர் 14. ஏழாம் நீர்.

எழுதியே ஆகவேண்டும்.

காலையில் அம்மா கேட்டாள். "செத்த நீரும்மா, தூங்கு" என்றேன். ஒலிபெருக்கி கேட்காமல் இருக்க ஜன்னலை மூடிவிட்டுப் போனேன்.

நாற்பது வருஷம் நீர் எண்ணினவகிட்ட... என்ன புத்தி எனக்கு.

பதினோரு மணி இருக்கும். எல்லாக் கைகளும் நின்றன. அம்மா வீட்டுச் செருப்போடு, வெறுந்தலையோடு, ஒரு காலை இழுத்துக்கொண்டு சேற்றில் வருகிறாள். நேராக மூன்றாவது இடத்துக்கு வந்தாள். தன் தொப்பியைப் பார்த்தாள், தன் இருக்கையைப் பார்த்தாள், என் கண்ணைப் பார்த்தாள்.

"எம் எடம் இது" என்றாள், குழறியபடி. "நீ எந்த வீட்டுப் பொம்பள?"

தலைவர் டிராக்டர் மேல் பலகையோடு நின்றார். முளைக்கு இடப்புறம் இரண்டு ஹேவோன் அம்மாக்கள்.

"என்ன தலைவரே, ஒண்ணு ரெண்டா தெரியுதா?" தோக்கூன் அம்மாவின் குரல் உடைந்திருந்தது. "சோஜூச் சாராயத்தக் கொறைங்க."

யாரும் சிரிக்கவில்லை.

தொப்பியைக் கழற்றி அம்மாவுக்குப் போட்டேன். இருக்கையைக் கட்டிவிட்டேன். என் முகம் எல்லோருக்கும் தெரிந்தது. அவள் இடக்கையால் கிண்டினாள். பதினோரு மட்டி. தலைவர் குனிந்து எதையோ எழுதினார். தண்ணீர் திரும்பியதும் அவளை முதுகில் சுமந்துகொண்டு கரையேறினேன். வழியெல்லாம் அவள் உடம்பு குளிர்ந்துகொண்டே வந்தது.

செப்டம்பர் 21. செத்த நீர்.

அம்மாவுக்கு நெஞ்சில் சளி. இப்போது எதுவும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன், அன்றைய நீரின் உண்மையான எண்ணை.

நவம்பர் 7.

நேற்று அம்மாவின் அடக்கம் முடிந்தது.

முன்தினம் ஆஸ்பத்திரி இழவுக்கூடத்தில் தோக்கூன் அம்மா எங்கள் அறை வாசலை இரண்டு தடவை தாண்டிப் போனாள். அறைப் பலகையில் இருந்தது அம்மாவின் சொந்தப் பெயர், யாங் தல்சுன். கூப்பிட்டு நிறுத்தியபோது வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "முப்பத்தேழு வருஷம் பக்கத்துப் பக்கத்துல கிண்டினோம்டீ. அவ பேரு தெரியலடீ எனக்கு."

டிசம்பர் 20.

ஆண்டுக்கூட்டம். தலைவர் வருகைப் பதிவை வாசித்தார்.

"யாங் தல்சுன். வந்த நாள், ஒண்ணு."

நான் இறங்கிய நாட்களில் ஒன்றைக்கூட அவர் பதியவில்லை. பொய்யும் எழுதவில்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. அந்த ஒரு நாளால் இந்த வருஷம் பேர் நின்றிருக்கும், அம்மா இருந்திருந்தால்.

"காலமாயிட்டாங்க. மக குடியிருப்பு பதினோரு மாசம். எடம் ஊருக்குத் திரும்புது."

தோக்கூன் அம்மா எழுந்தாள். "அந்தப் பொண்ணு இந்த வருஷம் முழுக்க..." என்று ஆரம்பித்து அப்படியே நின்றாள். மீதியைச் சொன்னால் அத்தனை பேரும் பொய் சொன்னது வெளியே வரும். தரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போனது.

மார்ச் 11. ஏழாம் நீர்.

பக்கத்து ஊர்ச் சிப்பிக் கொட்டகையில் ஓடு உடைக்கிறேன். இரண்டு வருஷம் முடிய இன்னும் பத்து மாதம். முடிந்தாலும் காத்திருப்போர் பட்டியலின் கடைசியில்தான் என் பெயர். சியோலுக்கு ஏன் போகவில்லை என்று தோழி கேட்டிருக்கிறாள்.

இன்று மதியத்துக்கு மேல்தான் வேலை. அணைக்கரையில் நின்று பார்த்தேன். முளைக்கு இடப்புறம் மூன்றாவதில் புதிதாகச் சேர்ந்தவள், பச்சைத் தொப்பி. இன்னும் முழங்கையால் கிண்டுகிறாள், தோளால் கிண்டத் தெரியவில்லை.

தண்ணீர் திரும்பியது. தோக்கூன் அம்மா கையை நிறுத்தாமல், தலை தூக்காமல், பக்கத்து இடத்தில் இருந்தவளுக்குக் கேட்கும்படி கத்தினாள். காற்று அதைக் கரைக்குக் கொண்டுவந்தது.

"ஹேவோன் அம்மா, எந்திரி! தண்ணி வருது!"

பச்சைத் தொப்பி திரும்பவில்லை.

கரையில் என் வாய் சொல்லிவிட்டது, "வரேன்."