ஜான்ஸ் பாரின் சாமித்தட்டு

2025 பெப்ரவரி 3
பொன்னம்பலம் மாமாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் செலவுக் கணக்கை எழுதி முடித்தேன். பின்னேரம் இவர் ஒரு சேதி சொன்னார். பிள்ளைகுட்டி இல்லாத மாமா, கொழும்பு கொட்டாஞ்சேனை ஜான்ஸ் பாரை மருமகன் இவர் பேருக்கே எழுதி வைத்திருக்கிறாராம். முருகா, சாராயக் கடையா எங்களுக்கு?
“வில்லுங்கோ” என்றேன். அடுக்குமாடி கட்ட ஒருவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். 14ஆம் தேதி புதுக்கடைக் கோர்ட்டடியில் லோயரிடம் கையெழுத்து.

பெப்ரவரி 7, வெள்ளி
கோயிலால் வரும்போது இவரோடு பாரைப் பார்க்கப் போனேன். மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டுதான்.
போத்தல்களுக்கு மேலே ஒரு பலகைத்தட்டு. மரச் சிலுவை, பித்தளைப் பிள்ளையார், கதிர்காமத் தெய்வத்தின் படம், மாமாவின் வேல். பிள்ளையாருக்குக் கீழே அரைப் போத்தல்கள்! இவர் வாசலில் போனில் கதைத்துக்கொண்டு நின்றார். கவுண்டரில் நிற்கும் வேலையாள் இராமர் ஐஸ் எடுக்க உள்ளே போன நேரம் பார்த்துப் பிள்ளையாரை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.
வேலாயுதத்தை மட்டும் ஏன் விட்டேன்? மாமாவின் பொருள் என்றா? தெரியவில்லை.
வீட்டில் பாலால் கழுவி, சாமியறையில் எங்கள் அம்மனுக்குப் பக்கத்தில் வைத்தேன். பெரிய புண்ணியம் செய்ததுபோல இருந்தது.

பெப்ரவரி 8
காலையில் இராமரின் போன். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.
“ஐயா, கடை தொறக்க முடியாது. பிள்ளையாரக் காணோம்.”
“அதுக்கும் கடைக்கும் என்ன?”
“எல்லாருக்கும் வெளக்கு வச்சுத்தான் கதவு தொறக்கிறது ஐயா. ஒருத்தர் கொறைஞ்சா எப்பிடி?”
இவர் என்னைப் பார்த்தார். நான் சாமியறையைப் பார்த்தேன்.

பெப்ரவரி 9
பிள்ளையாரோடு போனேன். பூட்டிய கதவுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். வாசலில் கடலை விற்கும் சீனியம்மா என் கையிலிருந்த பொதியைப் பார்த்ததும் சிரித்தாள்.
“வெள்ளவத்தையில உங்க வீட்டுல வட கிட போட்டு நல்லா கவனிச்சீங்களாம்மா? இங்க பாவம், எங்க கடலதான் அவருக்கு.”
வெட்கத்தில் தலை நிமிராமலே பிள்ளையாரை இராமரிடம் நீட்டினேன்.
வாங்குகிறவரின் ஆட்கள் முகப்பை அளக்கவென்று மாமாவின் பெயர்ப்பலகையைக் கழற்றியிருந்தார்கள். அதற்குப் பின்னால் இன்னொரு பலகை, சில்வா. அதற்கும் பின்னால் முத்தையா செட்டியார். கடைசியில், சுவரோடு ஒட்டி, ஜான்ஸ். ஒருவரும் முந்தினவரின் பெயரைக் கழற்றவில்லை, மேலே வைத்து அடித்திருக்கிறார்கள். ஒரு பெயருக்கு ஒரு சாமி.
“புது மொதலாளி தன் சாமிய பக்கத்துல வைப்பாரு. பழசத் தொடமாட்டாரு” என்றார் இராமர். “எண்பத்து மூணு ஆடிக் கலவரத்துல நான் கிளாஸ் கழுவுற பொடியன். தெரு பூரா எரியுது, கடை பூட்டு. அப்ப மொதலாளியா இருந்த சில்வா மஹத்தயா பொழுது விடிய பின்கதவால வந்தாரு. செட்டியார் செத்து எத்தனையோ வருசம். ஆனாலும் அவரு பிள்ளையாருக்கு வெளக்கு வச்சிட்டுத்தான் போனாரு. தெனமும்.”
அந்த ஆடியில்! வெளியே காடையர் எங்கள் ஆட்களைத் தேடித் திரிந்த நேரத்தில், ஒரு சிங்கள மனிசன், ஒரு தமிழனின் பிள்ளையாருக்கு—
அவர் காத்த பிள்ளையாரைக் கண் மூடித் திறப்பதற்குள் தூக்கியவள் நான். பக்திக்காரி.

பெப்ரவரி 12
போயா, பௌர்ணமி விடுமுறை. பார் பூட்டு. இன்றைக்கும் இராமர் விளக்கு வைத்திருப்பார். அடுக்குமாடி வந்தால் அந்தத் தட்டு எங்கே போகும்? சாராயக் கடைதான், அதில் மாற்றமில்லை. குடித்துக் கெட்ட வீடுகளை எனக்குத் தெரியாதா? ஆனாலும் நித்திரை வரவில்லை.

பெப்ரவரி 13
“நாளைக்குக் கையெழுத்து வைக்க வேண்டாம்” என்றேன்.
“நீர்தானே வில்லுங்கோ எண்டனீர்!”
“ஓம், நான்தான் சொன்னனான். இப்பவும் நான்தான் சொல்லுறன்.”
“ஊர்ச்சனம் கதைக்குமப்பா.”
“கதைக்கட்டும்.”
இவர் போனை எடுத்து, கையெழுத்து வேண்டாமென்று லோயருக்குச் சொன்னார்.

பெப்ரவரி 28, வெள்ளி
மாமாவின் பலகைக்கு மேல் இவர் பெயர், ‘நவரத்தினம்’, ஏறிவிட்டது. ஆணி அடித்ததும் இவர்தான்.
விடிய எழும்பித் தட்டுக்கு ஐந்து திரி திரித்து, நல்லெண்ணெய்ப் போத்தலோடு இவரிடம் கொடுத்துவிட்டேன்.
எங்கள் சாமியறையில் அம்மன் நின்ற இடம் வெறுமையாக இருக்கிறது. துடைத்துக் கோலம் போட்டேன். வேறொன்றும் வைக்கவில்லை.