மூன்றாவது பொட்டலம்

மதினி, நேற்று விளக்கு வைத்த பிறகு கோமதி அம்மன் படத்துக்கு முன் இருந்தவர்கள் நான், உங்கள் தம்பி, எங்கள் சின்ன மகள், வாசல்படியோரம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளர். வேறு ஒருவரும் இல்லை.

பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளை அரளி வந்தால் தறிகளோடு சங்கத்தில் சேர்வது. சிவப்பு வந்தால் தறிகளை விற்றுவிட்டு உங்கள் தம்பி மில் வேலைக்குப் போவது. இரண்டு பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து, வாழைநாரால் நானே கட்டினேன். நான் எண்ணிக்கையில் பிசகுகிறவள் இல்லை, உங்களுக்குத் தெரியும்.

எடுக்கக் குனிந்த மகள், "அம்மா, மூணு கெடக்கே" என்றாள்.

"ஏட்டி, நீ எத்தன கட்டுன?" என்று உங்கள் தம்பி கேட்டார்.

"ரெண்டுதான்."

செயலாளர் சிரித்தார். "சர்க்கார் பொட்டலமா இருக்கும் அண்ணாச்சி. கேட்டா வராது, கேக்காட்டி வரும்."

மூன்றாவது, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் கட்டியிருந்தது. இடக்கை முடிச்சு. பல்லால் கடித்த நுனியில் ஈரம் காயவில்லை. பிரித்தால் உள்ளே பூவே இல்லை. செயலாளர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இதை எழுதும்போதும் அந்த நூல் என் பக்கத்தில்தான் கிடக்கிறது. உயிரோடு இருந்தவரை இந்த வீட்டில் இடக்கையால் முடிச்சுப் போட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

நூலுக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் சர்க்கார் கார்டுக்குக் கிடைத்த நூல் நம் சேலைக்கு ஆகாத முரட்டு நூல். நல்ல நூல் கள்ள விலையில் மட்டும் கிடைத்தது. "ஏதாவது ஒண்ண வாங்குவோம்க்கா" என்று தம்பி கெஞ்சினார். "ரெண்டும் வேண்டாம்லே. தறி சும்மா கெடக்கட்டும்" என்றீர்கள். கிடந்தது. உங்கள் பங்குக் கஞ்சியை எனக்கே ஊற்றினீர்கள். அப்படியும் எனக்குப் பால் வற்றியது. மடியில் கிடந்தவன் தங்கவில்லை. அதற்காக உங்களை ஒரு நாளும் நான் குறை சொன்னதில்லை.

இப்போது நூல் தாராளம், துணிதான் விற்கவில்லை. தேரடியில் மில் துணி நம் நூல் விலைக்கும் கீழே போகிறது. சில ரகங்களை மில்கள் நெய்யக்கூடாது என்று சர்க்கார் தடுத்திருக்கிறது, கைத்தறிக்குத் தள்ளுபடியும் தருகிறது. ஆனால் சங்கத்து முத்திரை இல்லாத துணிக்கு அந்தத் தள்ளுபடி இல்லை. தனியாக நின்றால் தறி மறுபடியும் சும்மா கிடக்கும்.

என் வயிற்றில் மறுபடியும் ஒன்று இருக்கிறது மதினி. இந்த முறை இரண்டும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வெள்ளிக்கிழமை செயலாளரும் தறி வாங்குகிற யாவாரியும் வருகிறார்கள். சேரவா, விற்கவா, அதற்கு முன்னால் பதில் சொல்லுங்கள்.