அடைப்புக்குறிக்குள் இருந்த நான்கு

அன்புள்ள என் மனைவிக்கு,

நானும் பாப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் கால் வீக்கம் வடிந்ததா? ஆஸ்பத்திரி வேலையில் நாள் முழுக்க நிற்காதே, இடையில் உட்கார். நீ சொன்ன சமையலறை அலமாரிக்குக் கதவு போட்டுவிட்டேன். மற்றதைச் சொல்ல மூன்று முறை போனை எடுத்தேன். நாக்கு எழவில்லை.

கணக்குப் போட்டிக்குப் பாப்பாவின் எட்டாம் வகுப்பிலிருந்து நான்கு பேரை எடுக்க ஒரு தேர்வு வைத்தார்கள். அதற்கு முந்தின வாரம் அவள் வீட்டுப்பாடத்தோடு என் மரப் பட்டறைக்கு வந்தாள். 3(x – 4) = 2x + 5. x எவ்வளவு? 17 என்று போட்டிருந்தாள். நான் 2x-ஐ இந்தப் பக்கம் கொண்டுவந்தேன், ஒரு x மிஞ்சியது. நான்கை அந்தப் பக்கம் அனுப்பினேன், ஒன்பது வந்தது. பதினேழு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "அடைப்புக்குறிக்குள்ள இருக்கிற நாலையும் மூணால பெருக்கணும்பா, பன்னிரண்டு" என்றாள். வேலையாட்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று கத்தி, மரத்தில் கோடு போடும் சிவப்புப் பென்சிலால் அவள் விடையை அடித்து 9 என்று எழுதினேன்.

தேர்வில் அதே மாதிரி மூன்று கணக்கு. மூன்றையும் என் வழியில் போட்டிருக்கிறாள். பட்டியலில் அவள் இல்லை.

டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். நோட்டைக் காட்டி, யார் திருத்தியது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பாப்பா, "நான்தான் மிஸ்" என்றாள். டீச்சர் அந்தத் தடித்த கோட்டையும் என் சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பென்சிலையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். பெற்ற பிள்ளை எனக்காகப் பொய் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் தனியாகப் போய் ஒப்புக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. 17-ஐ x இருக்கும் இடத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். நான்கு போனால் 13, மூன்று மடங்கு 39. அந்தப் பக்கம் 34-உம் 5-உம் 39. என் ஒன்பதை வைத்தேன். இந்தப் பக்கம் 15, அந்தப் பக்கம் 23. பட்டியல் அனுப்பியாகிவிட்டது, இனி மாற்ற வழியில்லை என்றார்.

இன்னொன்று. கல்யாணம் பேசும்போது பத்தாவது பாஸ் என்று உங்கள் வீட்டில் சொன்னது பொய். ஆறாவதோடு நின்றவன் நான். பாப்பாவின் நோட்டில் முன் பக்கங்களை எட்டிப் பார்த்துக் கற்றதுதான் எனக்குத் தெரிந்த இயற்கணிதம். பதினைந்து வருடமாக உன்னிடம் சொல்லத் துணிவில்லை.

பாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லப்பா" என்றாள். ஆனால் நான் பக்கத்தில் போனால் இப்போதெல்லாம் நோட்டின் மேல் கையை வைத்து மறைத்துக்கொள்கிறாள்.

அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். நீ நல்லபடியாக இருக்க வேண்டும். லீவு கிடைத்ததும் வா. என்னைத் திட்டுவதற்காகவாவது வா.

இப்படிக்கு,
உன் முகத்தைப் பார்க்கக் கூசும்
உன் கணவன்