பைப் ரெஞ்சு ஆணியில் தொங்கும் சாவி குறித்து

அனுப்புநர்:
தையற்கடை நடத்துபவர்,
கருவி இரவல் அறையின் பொறுப்பாளர்,
பழைய மோட்டார் அறைத் தெரு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: சீல் வைக்கப்பட்ட எங்கள் தெருக் கருவி அறையைத் திறந்துவிடக் கோருதல்; அது இயலாதெனில், அறைக்குள் ஓர் ஆணியில் தொங்கும் ஒரு சாவியை மட்டுமாவது எடுத்துக்கொள்ள அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: அறைக் கதவில் ஒட்டப்பட்டுள்ள தங்கள் அலுவலக அறிவிப்பு. (மழையில் பாதி கரைந்துவிட்டது. எண் தெரியவில்லை.)

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அலுவலக வாசலில் மனு வாங்கும் எழுத்தர், “ஒரு பக்கத்துக்கு மேல போனா யாரும் படிக்க மாட்டாங்கம்மா, சுருக்கமா எழுதுங்க” என்றார். முயன்று பார்த்தேன். முடியவில்லை. பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. எங்கள் தெருமுனையில் உள்ள பழைய மோட்டார் அறை, மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போன பிறகு பல ஆண்டுகள் குப்பை போடும் இடமாகக் கிடந்தது. தங்களுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த ஐயாவிடம் வாய்மொழியாகக் கேட்டு, அவரும் வாய்மொழியாகவே “சரி, சுத்தமா வச்சுக்கங்க” என்று சொல்லி, நாங்கள் அதைக் கூட்டி வெள்ளையடித்து எடுத்துக்கொண்டோம். எழுத்தில் வாங்காதது எங்கள் தவறு என்று தங்கள் அலுவலகம் சொல்கிறது. இருக்கலாம்.

2. அங்கே நாங்கள் நடத்தியது கடை அல்ல. வீட்டுக்கு வீடு துருப்பிடித்துக் கிடந்த கடப்பாரை, மண்வெட்டி, ஏணி, டிரில், கட்டிங் மெஷின் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்தோம். வேண்டியவர் எடுத்துப் போகலாம், வேலை முடிந்ததும் கொண்டுவந்து மாட்ட வேண்டும். காசு கிடையாது. சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆணி, ஆணியைச் சுற்றி அந்தக் கருவியின் உருவம் பெயிண்டில் வரைந்திருக்கும். எது வெளியே போயிருக்கிறது என்று கண்ணைத் திறந்தாலே தெரியும். இந்தக் கருவிகளை வைத்துத்தான் எங்கள் தெருச் சாக்கடைக்கு மூடி போட்டோம், பள்ளங்களை நிரவினோம், சக்கர நாற்காலியில் வரும் ஒருவருக்காக மருந்துக் கடைப் படியில் சரிவு கட்டினோம். இவை எல்லாம் யார் செய்ய வேண்டிய வேலை என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. மரியாதை கருதி.

3. அறையில் பேரேடு வைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வழக்கம் இருந்தது. கருவியை எடுப்பவர், தம் வீட்டு மாற்றுச் சாவியை அந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். கருவி திரும்பி ஆணிக்கு வந்தால்தான் சாவி வீட்டுக்குப் போகும். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் என் அக்கா. அக்கா பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். “டிக்கெட் இல்லாம எவனும் ஏறக் கூடாது, எவளும் ஏறக் கூடாது” என்பார். யாராவது ஏணியை எடுத்துப் போய்த் தம் வீட்டுப் பொருள்போல் வைத்துக்கொண்டால், வாசலில் போய் நின்று, “இறங்குற ஸ்டாப் வந்தாச்சு, ஏணியை வெளிய எடு” என்று சத்தம் போடுவார். தெருவே சிரிக்கும். ஏணியும் வந்துவிடும்.

4. பெயரில்லாத ஒரு கடிதம் வந்ததாகச் சொல்லி, தங்கள் ஆய்வாளர் ஒரு முற்பகலில் வந்தார். உள்ளே பார்த்தவர் திகைத்துப்போனார். “கடப்பாரை, கட்டிங் மெஷின், ஊர்ச் சாவி எல்லாம் ஒரே ரூம்ல. இதுக்கு என்னம்மா அர்த்தம்?” என்று என்னைக் கேட்டார். குழாய் வேலை பார்ப்பவர் கூட இருந்தார். “எல்லாம் எங்க சாவிதான் சார்” என்றார். “உங்க சாவின்னா உங்க வீட்டுல இருக்கணும், இங்க ஏன் இருக்கு?” என்றார் ஆய்வாளர். நியாயமான கேள்விதான். நாங்கள் ஒருவரை ஒருவர் நம்பியதை ஓர் அரசு அலுவலருக்கு எப்படி விளக்குவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. சாவிகளையாவது எடுத்துக்கொள்கிறோம் என்றோம். சாட்சியப் பொருள், தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அரக்கு உருக்கி சீல் வைத்து, உடைத்தால் கைது என்ற அறிவிப்பையும் ஒட்டிவிட்டுப் போனார்.

5. அதற்கு முந்தைய நாள்தான் அக்கா தன் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று பைப் ரெஞ்சை எடுத்துப் போயிருந்தார். குழாய்க்காரர் தானே வந்து பார்ப்பதாகச் சொல்லியும் கேட்கவில்லை. “ஒரு நட்டை முறுக்க உனக்கு ஒரு ஆளு வேணுமா?” என்று அவரையே கிண்டல் செய்துவிட்டு, சாவியை ஆணியில் மாட்டிப் போனார்.

6. சீல் வைத்த அதே வாரம், ஒரு காலையில் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். உள்ளிருந்து வந்த அவர் குரலைக் கேட்ட பால்காரர் என்னைக் கூப்பிட்டார். கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். மரக் கதவு திறந்திருந்தது. அதற்கு முன்னால் இரும்புக் கிரில். கிரில்லின் பூட்டு உள்பக்கம். கம்பிக்குள் கையை விட்டால் பூட்டு எட்டும், சாவி இருந்தால் திறந்துவிடலாம். கல்லால் அடிக்கத்தான் வழியில்லை. அந்தக் கிரில் எங்கள் டிரில்லை வைத்து நாங்களே பொருத்தியது. தனியாக இருக்கும் பெண் என்று பார்த்துப் பார்த்து, அசையாதபடி பொருத்தினோம். அது அசையவில்லை, ஐயா.

7. கடப்பாரைக்காக வீடு வீடாக ஓடினார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில்கூட ஒரு கடப்பாரை இல்லை. எல்லாவற்றையும் பொது அறைக்குக் கொடுத்துவிட்டோமே! குழாய்க்காரரின் பெரிய கருவிகளும் அங்கேதான். கூப்பிடு தூரத்தில் கடப்பாரையும் இருந்தது, கட்டிங் மெஷினும் இருந்தது, அக்காவின் சாவியும் இருந்தது. நடுவில் தங்கள் அரக்கு இருந்தது.

8. குழாய்க்காரர் சீலை உடைக்கக் கல்லை எடுத்துவிட்டார். அவர் மனைவி குறுக்கே விழுந்து தடுத்தார். “மூணு பொண்ணை வச்சுக்கிட்டு ஜெயிலுக்குப் போகப் போறியா?” என்று அழுதார். அந்த அம்மாளை நான் குறை சொல்ல மாட்டேன். தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டோம். ஐயா கூட்டத்தில் இருக்கிறார், சீல் வைத்த இடம் என்றால் எழுத்துமூலம்தான் கேட்க வேண்டும் என்று பதில் வந்தது. தீயணைப்பு வண்டி வேறு ஓரிடத்துக்குப் போயிருந்தது.

9. இந்த நேரம் முழுவதும் நான் கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குளியலறை வாசலில் ஒரு கால் மட்டும் தெரிந்தது. இதற்கு மேல் “அவர்” என்று எழுதக் கை வரவில்லை, அவள் என்றே எழுதுகிறேன். எனக்கு அவள் அக்கா.

“சாவி அங்கதானடி இருக்கு, ரெஞ்சு ஆணியில. எடுத்துட்டு வா” என்றாள்.

“சீல் வச்சுட்டாங்கக்கா, மறந்துட்டியா? எழுதிக் கேக்கணுமாம்” என்றேன்.

“அப்ப மனு எழுது. நான் எங்கயும் போயிடல” என்றாள். அந்த நிலையிலும் அவளுக்குக் கிண்டல். நானும் சிரித்துவிட்டேன். பாவி, சிரித்தேன்.

அதற்குப் பிறகு நான் கூப்பிட்டதற்குப் பதில் இல்லை.

10. இரண்டு தெரு தள்ளி வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர் வந்து கம்பியை அறுத்தார். ஆஸ்பத்திரியில் அக்கா கண் திறக்கவேயில்லை. மருத்துவர் என்னிடம் சொன்னதை இங்கே எழுதவில்லை. எழுதினால் இது மனுவாக இருக்காது, வழக்காகிவிடும். வழக்குப் போட எனக்குத் தெம்பு இல்லை. ஆய்வாளர் மீது நடவடிக்கை எடுக்கவும் நான் கேட்கவில்லை. அவர் துக்கத்துக்கு வந்திருந்தார். வாசலிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

11. இப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு புதுக் கடப்பாரை வந்துவிட்டது. அவரவர் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். மாற்றுச் சாவியை யாரும் யாரிடமும் கொடுப்பதில்லை. சாக்கடை மூடி ஒன்று உடைந்து கிடக்கிறது, ஒருவரும் கை வைக்கவில்லை. அறையைத் திறந்து கொடுத்தாலும் எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் கேட்கிறேன். அதை எழுத்தில் அனுமதித்து, தங்கள் விதி என்னவோ அதன்படி நடத்தச் சொன்னால் நடத்துகிறோம். பேரேடு வைக்கச் சொன்னால் வைக்கிறோம்.

12. அறையைத் திறக்க நாளாகும் என்றால், என் சொந்தக் கோரிக்கை ஒன்று உண்டு. அக்கா எடுத்துப் போன பைப் ரெஞ்சு குளியலறைத் தரையில் கிடந்தது. துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். இரவல் பொருளை ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்தாலும் அடுத்தவரை உலுக்கி எடுத்தவள் அவள். இன்று அவள் எடுத்ததுதான் திரும்பாமல் இருக்கிறது. அதன் ஆணியில் அவள் சாவி தொங்குகிறது. கிரில்லை அறுத்தாகிவிட்டது, அந்தச் சாவியால் இனி எதையும் திறக்க முடியாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அது அவளுடைய சாவி. வெறும் கையோடு போய் அதைக் கேட்க அவளே விட மாட்டாள்.

ஆகவே, தங்கள் அலுவலர் ஒருவர் உடன் வந்து கதவைத் திறக்கட்டும். அவர் கண் முன்னாலேயே ரெஞ்சை ஆணியில் மாட்டிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்துவிடுகிறேன். அதன் பிறகு வேண்டுமானால் மறுபடியும் சீல் வைத்துக்கொள்ளட்டும்.

அக்கா எழுதச் சொன்ன மனு இது. பிந்திவிட்டது. தாங்களாவது பிந்தாமல் பார்த்து ஆவன செய்யும்படி பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: சீல் வைத்த அறையின் வாசல்
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
தையற்கடைக்காரி
(டிக்கெட் பரிசோதகர் அக்காவின் தங்கை)

இணைப்பு: பைப் ரெஞ்சு ஒன்று. மனுவோடு சேர்த்து வாங்க எழுத்தர் மறுத்துவிட்டதால், கையில் வைத்துக்கொண்டு தங்கள் அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.