சீனப் படையில் காசி அண்ணன்

என் தங்க மாப்பிள்ளை முத்துவுக்கு,

உனக்குச் செய்தது அநியாயம். அஜ்மான் ஒர்க்‌ஷாப்பில் நீ கையால் செய்த முப்பது வீரர் சிலைகளையும் துபாய் மாலில் நிறுத்தி, ‘சீனாவிலிருந்து தருவிக்கப்பட்டவை’ என்று பலகை வைத்துவிட்டார்கள். நீ கண்மூடி எட்டு மாதம். அந்தப் பலகையை நான் ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை.

என் படிப்பு எட்டாவதோடு நின்றது. மற்றதெல்லாம் டூட்டி பஸ்ஸில் போனில் தேடிப் படித்ததுதான். சீனத்தின் முதல் பேரரசன் தன் சமாதிக்குக் காவலாக ஆயிரக்கணக்கான மண்வீரர்களைப் புதைக்க வைத்தான், ஒருவன் முகம்போல் இன்னொருவனுக்கு இல்லை என்று உன்னிடம் சொன்னேன். நீ ஒரே அச்சில் வார்த்த முகங்களை வரிசையாகப் பார்த்தாய்.

“இது படையா மாமா? பாஸ்போர்ட் போட்டோ ஷீட்டு மாதிரில்ல இருக்கு!”

அன்றிலிருந்து நம் லேபர் கேம்ப் ஆட்களைப் பார்த்தே முகம் செய்தாய். பஸ் டிரைவர், முடிவெட்டும் பாய், மெஸ் சமையல்காரர் காசி அண்ணன். கொண்டை சீனத்துக் கொண்டை. மீசை மானாமதுரை மீசை.

அந்த மண்வீரர்கள்மேல் செய்தவர்களின் பெயரையும் பொறித்தார்களாம், குறை வந்தால் ஆளைப் பிடிக்க. “பிடிக்கட்டுமே” என்று நீயும் ஒவ்வொரு முதுகிலும் ஆணியால் உன் பெயரைக் கீறினாய். ஒர்க்ஷாப் ஃபோர்மேன் பட்டி பூசி மூடிவிட்டான். முகங்களை என்ன செய்வான்?

இனி சந்தோஷச் செய்தி. போன ஞாயிறு காசி அண்ணனை வம்படியாக மாலுக்கு இழுத்துப் போனேன். “எனக்கு எதுக்குய்யா மாலு, சாம்பார் வைக்கணும்” என்று முனகிக்கொண்டே வந்தார். மூன்றாவது வீரன் முன்னால் போய் நின்றார்.

“அடப்பாவி, என் மருவைக்கூட விடலையேய்யா!”

சுற்றிப் பார்க்க வந்திருந்த ஒரு சீனத்து அம்மா அவரையும் வீரனையும் மாறி மாறிப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்துத் தன் வீட்டாரைக் கூப்பிட்டார். கூட்டம் சேர்ந்துவிட்டது. காசி அண்ணனோடு போட்டோ எடுக்க வரிசை!

மால் மேனேஜர் ஓடி வந்தார். “யே கைசே, பாபா?” இது எப்படி என்று கேட்டார்.

“சைனாவைக் கேளுங்க சாப்” என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில்.

மீசையைப் பார்த்தார், மருவைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “கலாஸ் பாபா”, போதும் விடு என்று சொல்லி டயரியை நீட்டி, செய்தவர் பெயரை எழுதச் சொன்னார். முத்து என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

டயரியில் எழுதினால் ஆயிற்றா? மேனேஜர் உன் பெயரோடு புதுப் பலகை மாட்ட வேண்டும். ஃபோர்மேன் முப்பது முதுகிலும் அந்தப் பட்டியைத் தன் கையாலேயே சுரண்டி எடுக்க வேண்டும். காசி அண்ணன் அதுவரை ஞாயிறுதோறும் அங்கே போய் நிற்க வேண்டும். மீசையில் கத்தி படக் கூடாது. நான் அந்தப் பலகை முன்னால் நின்று உன் பெயரைச் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசிக்காமல் விசா கேன்சல் பேப்பரில் கையெழுத்துப் போட மாட்டேன், ஊருக்கும் கிளம்ப மாட்டேன். இது சத்தியம்.

விட்டுக்கொடுக்காத உன் மாமன்,
சுப்பையா
முவைலா கேம்ப்